பாலில் ஒரு சொட்டு அயோடின்

எனக்குக் கசங்கிய சேலையைக் கண்டால் ஆகாது. இது பெருமைப்பட வேண்டிய குணமில்லை என்று தெரியும். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியும் இது மட்டும் மாறவில்லை. பருத்திச் சேலைதான் கட்டுவேன். அதையும் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சோறு வடிப்பதுதான் வழக்கம், குக்கர் பருப்புக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை வடித்த கஞ்சியில் தண்ணீர் விட்டு, ஒரு துணியில் வடிகட்டி, வாளியில் ஊற்றி, வாரத்துக்கான சேலைகளை ஒவ்வொன்றாக முக்கியெடுப்பேன். சேலைகள் கொடிக்குப் போன பிறகும் வாளியில் கொஞ்சம் கஞ்சி மிஞ்சும். அதைக் கொட்ட மனம் வராது. தலையணை உறை, ரவிக்கை, கைத்துணி என்று அகப்பட்டதெல்லாம் அதில் ஒரு முறை விழுந்து எழும். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரிய கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆய்வகம் என்று ஓர் அறை உண்டு. நான்கு நீள மேசைகள், ஒரு தொட்டி, பத்து மணிக்கு மேல் நின்றுபோகும் குழாய், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான சோதனைக் குழாய்கள். ஆய்வக உதவியாளர் பணியிடம் எனக்குத் தெரிந்து காலியாகவே இருக்கிறது. ஆகவே கழுவுவதும் நான்தான், துடைப்பதும் நான்தான், உடைத்தவர்களைத் திட்டுவதும் நான்தான்.

ஊட்டச்சத்துப் பாடம் வந்தால் வருடா வருடம் ஒரு காரியம் செய்வேன். பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கொரு உணவுப்பொருள் கொண்டுவரச் சொல்வேன். சோறு, அவித்த முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், ஊறவைத்த உளுந்து எல்லாம் வரும். ஒரு வருடம் ஒருவன் கருவாடு கொண்டுவந்து இரண்டு நாள் அறையைத் திறந்துபோட வைத்தான். அயோடின் ஒரு சொட்டு விட்டுக் கருநீலமானால் மாவுச்சத்து. காரம் சேர்த்த மயில்துத்தக் கரைசலில் ஊதா வந்தால் புரதம். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கிச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை. காகிதத்தில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் தானே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளுக்கு நிறம் மாறுவது பிடிக்கும். எனக்கு, வாய்ப்பேச்சுக்கு இடமில்லாமல் குழாயே பதில் சொல்லிவிடுவது பிடிக்கும். அப்படித்தான் அவர்களிடமும் சொல்வேன்: ஆள் பொய் சொல்வார்கள், அயோடின் சொல்லாது.

நான் சொல்ல வந்த வருடம் ஒரு பெண் பால் கொண்டுவந்தாள். சின்ன எவர்சில்வர் தூக்கில், காய்ச்சி ஆறவைத்தது. அவளுடைய அம்மாதான் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். வீட்டில் இரண்டு மாடு. அப்பா நடவு, அறுப்பு என்று வேலை இருக்கும் நாட்களில் போவார். மற்ற நாட்களில் அந்த வீடு ஓடுவது பாலில்தான். அந்த அம்மா காலையில் மொபெட்டில் வருவார். ஒரு பக்கம் பால் கேன், மறுபக்கம் மாட்டுக்காக மூடி போட்ட பெரிய வாளி. பால் ஊற்றும் வீடுகளிலேயே கழுநீரும் வடித்த கஞ்சியும் வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டுக் கஞ்சி ஆறு வருடமாக அந்த வாளியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேலைக்கு.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சோறு கருநீலமானது, முட்டை ஆகவில்லை. பால் கடைசி. அதற்குள் ஒருவன் ஒரு குழாயை உடைத்திருந்தான், தாங்கியில் உலர்ந்த குழாய் எதுவும் மிச்சமில்லை. தொட்டியில் ஈரத்தோடு கிடந்த ஒன்றை எடுத்தேன். என் பையில் இருந்த கைத்துணியை ஒரு குச்சியில் சுற்றி, குழாய்க்குள் விட்டுத் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பாலை ஊற்றினாள். அயோடினை நான்தான் விட்டேன். பாலில் அயோடின் விட்டால் வெளிர் மஞ்சளாக வேண்டும். அது நீலம் பாரித்துச் சாம்பல் நிறமானது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவங்கம்மா எல்லா வீட்டுலயும் கஞ்சி வாங்கிட்டுப் போறாங்கல்ல டீச்சர்.”

பேசியவளை நான் அதட்டினேன். அதட்டிவிட்டு, நியாயமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு, மறுபடி செய்து பார்ப்போம் என்றேன். குழாயில் முன்பு போட்ட சோறு ஒட்டியிருந்திருக்கலாம் என்று எண்ணம். ஆகவே இன்னொரு குழாயை எடுத்து நன்றாகக் கழுவினேன். முதல் முறையைவிடக் கவனமாக, உள்ளே நான்கைந்து முறை அழுத்தித் துடைத்தேன். இந்த முறை நீலம் இன்னும் அழுத்தமாக வந்தது. இரண்டு முறை ஒரே பதில் வந்தால் அது பதில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தவள்தான். அன்றைக்கு அது தோன்றவில்லை. பலகையில் பாலுக்கு நேரே கோடு மட்டும் போட்டுவிட்டு, மணி அடிக்கட்டும் என்று நின்றேன். அந்தப் பெண் தூக்கை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிள்ளைகள் வெளியே சொல்லாமலிருக்க மாட்டார்கள், அது அவர்கள் வயது. நான் செய்ததற்குத்தான் சாக்கு இல்லை. மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிடும்போது நானே சொன்னேன். குற்றம் சாட்டும் தோரணையில் இல்லை. ரொம்பச் சங்கடமான விஷயம் என்கிற முகத்தோடு, குரலைத் தாழ்த்தி. அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் அதே பாலை வாங்குகிறவர்கள். பால் கெட்டியாகத் தெரிய மாவு கலப்பது எங்கேயும் நடக்கிறதுதானே என்றார் ஒருவர். வாங்கிப்போகிற கஞ்சி எங்கே போகிறது என்று இப்போதுதானே புரிகிறது என்றார் இன்னொருவர். நான் மறுக்கவில்லை. இதுவரை குடித்த காப்பியெல்லாம் என் வீட்டுக் கஞ்சியில் போட்டதுதானா என்று எனக்குள்ளும் ஒரு கோபம் இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்கிற கோபத்தில் மனிதருக்கு ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் அன்று மதியம் முழுக்க அனுபவித்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தபோது பாத்திரத்தோடு வாசலுக்குப் போனேன்.

“பையன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான்மா. பால் மீந்துபோகுது. நாளையிலேருந்து வேணாம்.”

பையன் ஹாஸ்டலுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். மகள் வீட்டில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது; எதுவும் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“சரிங்க டீச்சர்” என்றார். பிறகு, “கஞ்சி எடுத்துக்கவா?” என்று கேட்டார்.

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லும்போதே, கேட்பதைப் பார் என்று மனதில் நினைத்தேன். அவர் வாளியில் கவிழ்த்துக்கொண்டு, என் பாத்திரத்தைக் குழாயடியில் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாட்களில் நடந்ததெல்லாம் எனக்குத் தானாகவே காதில் விழுந்தது. ஆசிரியர்கள் இருவரும் பாலை நிறுத்தினார்கள். கடைத்தெரு டீக்கடைக்காரர் நிறுத்திவிட்டு பாக்கெட் பாலுக்கு மாறினார். அவர்தான் அந்த அம்மாவுக்குப் பெரிய வாடிக்கை, கேனில் பாதி அங்கேதான் காலியாகும். டீக்கடைக்குப் போன சேதி கண் காது மூக்கு வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியது. கிழங்கு மாவு என்றார்கள், மைதா என்றார்கள், சுண்ணாம்புகூட என்றார்கள். அந்தப் பெண் புதன்கிழமை பள்ளிக்கு வரவில்லை, வியாழனும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறி போடும்போது என் கை நிற்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை இன்னொரு பிரிவுக்கு அதே பரிசோதனை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அயோடின் புட்டி முழங்கையில் இடித்துச் சாய்ந்தது. மேசையில் ஓடியதைக் கைத்துணியால் ஒற்றினேன். அயோடின் கறை துணியில் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் பிடிக்கும். இந்தத் துணியில் பிடித்த இடம் எல்லாம் கருநீலமாக இருந்தது.

நான் துணியை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விறைப்பாக மடிந்து நின்ற அதன் ஓரத்தைப் பார்த்தாலே போதும். இருந்தாலும் எழுந்து, ஒரு குழாயைக் கழுவி, அதே துணியின் கறைபடாத பக்கத்தால் உள்ளே துடைத்து, வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு விட்டேன். நீலம். துடைக்காத குழாயில் அதே தண்ணீர், அதே சொட்டு. மஞ்சள். ஊரார் சொன்னது ஒருவகையில் சரிதான். பாலில் என் வீட்டுக் கஞ்சி இருந்தது. கலந்தவள் நான்.

அவமானமாக இருந்தது. தப்பு செய்ததைவிட, இவ்வளவு சின்ன விஷயத்தில் தப்பு செய்ததுதான் முதலில் உறுத்தியது. அந்த அம்மாவைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசை அப்படித்தான் இருந்தது, மாற்றிச் சொல்வதில் பிரயோசனமில்லை.

கடைசிப் பீரியடில் அந்தப் பெண் படிக்கும் பிரிவை மறுபடி ஆய்வகத்துக்கு அழைத்து இரண்டு குழாயையும் செய்து காட்டினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். டீச்சர் தப்பு செய்ததில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைக் குறை சொல்ல முடியாது. தெரிய வேண்டிய பெண் மட்டும் அங்கே இல்லை.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் கரையை ஒட்டிய வீடு. அந்த அம்மா மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் பெரிய குண்டானில் பால் உறைகுத்தி வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. விற்காத பால். பெண் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: துணி, கஞ்சி, இரண்டு குழாய், வகுப்பில் சொல்லிவிட்டது. அவர் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் மிச்சத்தையும் மாட்டுக்குப் போட்டார்.

“பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்க, சரி. டீக்கடையில யாருங்க டீச்சர் சொல்றது?”

கடைக்காரரிடம் இப்போதே போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“போன்ல சொன்னா அவருக்குத் தெரியும். அங்க உக்காந்து பேப்பர் படிக்கறவங்களுக்கு?”

எங்கள் ஊரில் பெண்கள் அந்த டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. பார்சல் வேண்டுமென்றால் எட்ட நின்று தூக்கை நீட்டுவார்கள். ஆசிரியை அங்கே போய் நின்றாள் என்றால் அதுவே ஒரு சேதி. அதெல்லாம் எனக்குச் சரிப்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மொபெட்டின் பக்கவாட்டில் மாட்டியிருந்த கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் டீக்கடைக்கு வருகிறேன், நீங்களும் கொஞ்சம் பாலோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் கூட்டம் அதிகம். ஆறரைக்குப் போனேன். நல்ல கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை ஒன்றை வேண்டுமென்றே கட்டிக்கொண்டேன். கையில் அயோடின் புட்டி. பெஞ்சில் ஏழெட்டுப் பேர், என் பழைய மாணவர்கள் மூன்று பேர் உட்பட. மாணவர்கள் எழுந்து நின்றார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. கடைக்காரர் என்ன வேண்டும் டீச்சர் என்று கேட்டதில், வழி தவறி வந்துவிட்டேனோ என்கிற அக்கறை இருந்தது. ஒரு கண்ணாடித் தம்ளர் கேட்டேன். நன்றாகக் கழுவித் தாருங்கள், துடைக்க வேண்டாம் என்றேன். அந்த அம்மா மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேனோடு வந்தார். தம்ளரில் பாலை ஊற்றினார்.

என் குரல் வகுப்பில் வருவதுபோல் வரவில்லை. இருந்தாலும் சொன்னேன்: இந்த அம்மாவின் பாலில் மாவு இருக்கிறதென்று என் வகுப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. கஞ்சி போட்ட துணியால் குழாயைத் துடைத்த தப்பு என்னுடையது. இவருடையது இல்லை. பிறகு பாலில் ஒரு சொட்டு விட்டேன். வெளிர் மஞ்சள். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முந்தானையை விரித்து இன்னொரு சொட்டு விட்டேன். வெள்ளைச் சேலையில் கருநீலம் மெதுவாகப் படர்ந்தது.

“சேலை பாழாப்போச்சே டீச்சர்” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். அவருக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இன்னொருவர் தன் வேட்டி நுனியைச் சத்தமில்லாமல் மடிக்குள் இழுத்துக்கொண்டார். கடைக்காரர் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாரோ சொன்னதை நம்பியதாகச் சொன்னார். யாரோ இல்லை, நான்தான் என்றேன். அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, கேனை உள்ளே வைக்கச் சொன்னார். அந்த அம்மா கேனை வைத்தார். யாரையும் பார்க்கவில்லை, என்னையும்தான்.

டீக்கடை வாடிக்கை அன்றே திரும்பியது. அந்த வாரத்திலேயே ஆசிரியர்கள் இருவரும் மறுபடி வாங்க ஆரம்பித்தார்கள். சேலைக் கறை நாலு அலசலில் வெளுத்துவிட்டது, இப்போதும் கட்டுகிறேன். அந்தப் பெண் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தாள். வாரக் கடைசியில் மறுபடி ஆய்வகம். தூக்கில் பால் கொண்டுவந்திருந்தாள், நான் கேட்கவில்லை. தாங்கியிலிருந்து ஒரு குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். அதில் வெறும் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு அயோடின் விட்டு, மஞ்சளாகவே நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தூக்கைத் திறந்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

அடுத்த வாரம் ஒரு காலையில் அந்த அம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். ஒரு கையில் பால் பாத்திரம், மறுகையில் கஞ்சி வாளி. அவர் வண்டியை நிறுத்தினார். பால் மறுபடி வேண்டும் என்றேன்.

“பால் சொன்ன எடத்துக்கே சரியாப் போயிடுது டீச்சர்.”

கேனில் பால் தளும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டைத் தாண்டி அந்தத் தெருவில் அவருக்கு இரண்டே வீடுகள்தான். நான் தலையை ஆட்டினேன். கஞ்சியையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாளியை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

“கஞ்சி மாட்டுக்கு ஒத்துக்கல டீச்சர்.”

ஆறு வருடமாக எங்கள் வீட்டுக் கஞ்சி குடித்த மாடு அது. பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான் என்று நான் சொன்னபோது அவர் எப்படிச் சொன்னாரோ, அதே மாதிரி நானும் சரிம்மா என்றேன். வண்டி போனதும் வாளியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் தென்னைக்கு ஊற்றினேன். இப்போதும் அங்கேதான் ஊற்றுகிறேன்.